மக்கள்தொகைப் பெருக்கமும் புவியின் வளங்களும்

மனிதர்களின் எண்ணிக்கை புவியின் வளங்களை மிஞ்சிவிட்டதா என்பது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும். பொருளியல், மக்கள்தொகையியல், சூழலியல், வேளாண்மை ஆகிய துறைகள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. "மக்கள் பெருகிவிட்டார்கள், அதனால்தான் எதுவும் போதவில்லை" என்பது அன்றாடப் பேச்சில் அடிக்கடி கேட்கும் கருத்து. பள்ளிக் கட்டுரைகளிலும் இதுவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் வளம் என்ற ஒரே சொல்லுக்குள் உணவு, கனிமம், நீர், மண், காற்று எனப் பல பொருள்கள் அடங்கியுள்ளன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகக் குறைகின்றன, வெவ்வேறு விதமாக ஈடுசெய்யப்படுகின்றன. ஆகவே அவற்றைத் தனித்தனியே பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும். இக்கட்டுரை அம்முறையில் செல்கிறது.

எண்ணிக்கை வளர்ந்த வரலாறு

உலக மக்கள்தொகை 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் 100 கோடியை எட்டியது. அந்த நிலையை அடைய மனித இனத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. அடுத்த 100 கோடி சேர ஏறத்தாழ 125 ஆண்டுகள் ஆயின. 1960இல் 300 கோடி, 1974இல் 400 கோடி, 1987இல் 500 கோடி, 1999இல் 600 கோடி, 2011இல் 700 கோடி என்று எண்ணிக்கை உயர்ந்தது. 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது.

இந்த வேகத்துக்குக் காரணம் மக்கள் முன்பைவிட அதிகமாகப் பிள்ளை பெற்றது என்று எண்ணுவது தவறு. பிறந்த பிள்ளைகள் பிழைத்ததே காரணம். தூய குடிநீர், தடுப்பூசி, கொள்ளைநோய்க் கட்டுப்பாடு, மகப்பேற்று மருத்துவம் ஆகியவற்றால் இறப்பு வீதம் முதலில் குறைந்தது. பிறப்பு வீதம் குறைய ஒரு தலைமுறை அல்லது இரண்டு தலைமுறைகள் தாமதமாயிற்று. இந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை பெருகியது. மக்கள்தொகையியலில் இதனை மக்கள்தொகை நிலைமாற்றம் என்பர்.

வளர்ச்சி வீதத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு. 70 என்ற எண்ணை ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால், இரட்டிப்பாவதற்கான ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 2 விழுக்காடு வளர்ச்சி என்றால் 35 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 1960களில் உலகின் வளர்ச்சி வீதம் 2 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. இன்று அது 1 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. எண்ணிக்கை இன்னும் கூடுகிறது, ஆனால் கூடும் வேகம் அரை நூற்றாண்டாகக் குறைந்துகொண்டே வருகிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது இவ்விவாதத்தில் முதற்பாடம்.

தாங்குதிறன் என்னும் கருத்து

ஓர் இடம் எத்தனை உயிர்களை நீண்டகாலம் காப்பாற்ற முடியுமோ அந்த எண்ணிக்கையைச் சூழலியலில் தாங்குதிறன் என்பர். இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு, அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவு. 1944இல் அங்கு 29 கலைமான்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றை வேட்டையாடும் விலங்குகள் அங்கு இல்லை. தீவு முழுவதும் மான்கள் விரும்பி உண்ணும் பாறைப்பாசி நிறைந்திருந்தது. 1963இல் மான்களின் எண்ணிக்கை 6,000 ஆயிற்று. பாசி தீர்ந்தது. கடும் பனிக்காலம் ஒன்று வந்தது. 1966இல் எண்ணியபோது 42 மான்களே எஞ்சியிருந்தன.

மனிதருக்கும் இதே கதிதானா? மானுக்கும் மனிதருக்கும் ஒரு வேறுபாடு உள்ளது. மான் பாசியைத் தின்னும், பாசியைப் பயிரிடாது. மனிதர் பயிரிடுவர், கிணறு வெட்டுவர், விதையை மாற்றுவர், ஓரிடத்தில் விளைந்ததை வேறிடத்துக்குக் கொண்டு செல்வர். அதனால் மனிதருக்கான தாங்குதிறன் நிலையான எண்ணாக இருப்பதில்லை. தொழில்நுட்பம், உணவுப் பழக்கம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறுகிறது.

புவி எத்தனை பேரைத் தாங்கும் என்று முதன்முதலில் கணக்கிட்டவர்களுள் ஒருவர், நுண்ணோக்கியால் புகழ்பெற்ற டச்சு அறிஞர் அந்தோனி வான் லீவன்ஹூக். 1679இல் அவர் தம் நாட்டின் மக்கள் நெருக்கத்தை உலக நிலப்பரப்புக்கு விரித்துப் பார்த்து, ஏறத்தாழ 1,340 கோடி என்றார். அமெரிக்க அறிஞர் ஜோயல் கோகன் 1995இல் வெளியிட்ட நூலில் அதுவரை வந்த இத்தகைய மதிப்பீடுகளைத் தொகுத்தார். 100 கோடிக்கும் குறைவு என்பது முதல் ஒரு இலட்சம் கோடிக்கும் மேல் என்பது வரை அவை பரந்து கிடந்தன. எத்தகைய வாழ்க்கை, எத்தகைய உணவு, யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்யாமல் இக்கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகச் சொல்ல முடியாது என்பதையே இந்த வேறுபாடு காட்டுகிறது.

மால்தஸின் கணக்கு

இவ்விவாதத்தைத் தொடங்கி வைத்தவராகக் கருதப்படுபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மால்தஸ் (1766–1834). 1798இல் வெளியான மக்கள்தொகைக் கோட்பாடு பற்றிய தம் நூலில் அவர் ஒரு வாதத்தை முன்வைத்தார். மக்கள்தொகை 1, 2, 4, 8, 16 என்று பெருக்குத் தொடராக வளரும். உணவு உற்பத்தி 1, 2, 3, 4, 5 என்று கூட்டுத் தொடராகவே வளரும். எனவே சில தலைமுறைகளில் உணவு போதாமல் போகும். அப்போது பஞ்சம், நோய், போர் ஆகியவை எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது அவர் முடிவு.

அவர் வாழ்ந்த காலம் வரையிலான வரலாற்றுக்கு இது பெருமளவு பொருந்தியது. ஆனால் அதன்பின் நிகழ்ந்த இரண்டு மாற்றங்களை அவரால் முன்கூட்டி அறிய முடியவில்லை. முதலாவது, விளைச்சல் கூட்டுத் தொடரை மீறி வளர்ந்தது. 1909இல் செருமானிய வேதியியலாளர் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரசனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் முறையைச் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்தினார். 1913இல் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இவ்வழியில் கிடைக்கும் செயற்கை உரத்தைச் சார்ந்தது என மதிப்பிடப்படுகிறது. இரண்டாவது, வசதி கூடியபோது மக்கள் அதிகம் பிள்ளை பெறுவதற்கு மாறாகக் குறைவாகப் பெற்றார்கள்.

மால்தஸுக்கு எதிரான கருத்தை டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்டர் போஸரப் 1965இல் முன்வைத்தார். மக்கள் நெருக்கம் கூடும்போது அந்த நெருக்கடியே புதிய வேளாண் முறைகளைத் தேடவைக்கிறது என்றார். தரிசாகப் போட்ட நிலத்தில் ஆண்டுதோறும் பயிர், பின்னர் இருபோகம், பாசனம், எரு என்று உழைப்பும் அறிவும் நிலத்தில் சேர்கின்றன. 1950களின் இறுதியில் அவர் இந்தியாவில் தங்கிப் பணியாற்றியபோது கண்டவை இக்கருத்து உருவாக உதவின.

பஞ்சங்கள் காட்டும் உண்மை

மால்தஸ் 1805 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இந்தியாவை ஆளச் சென்ற அதிகாரிகள் அங்குதான் பயின்றார்கள். எனவே பஞ்சம் என்பது இயற்கை செய்யும் கணக்குத் தீர்ப்பு என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே பரவியிருந்ததில் வியப்பில்லை.

1876–78இல் தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருடப் பஞ்சம் இதற்குச் சான்று. பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பஞ்சத்தில் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது.

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைச் சிறுவயதில் நேரில் கண்ட அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில் அதை ஆராய்ந்தார். 1943இல் வங்கத்தில் இருந்த உணவு, பஞ்சமில்லாத 1941ஐவிடக் குறைவாக இருக்கவில்லை என்பது அவர் காட்டிய கணக்கு. போர்க்கால விலையேற்றத்தால் விவசாயக் கூலிகள், மீனவர், கைவினைஞர் ஆகியோரால் அரிசி வாங்க முடியவில்லை. அரிசி இருந்தது, வாங்கும் வலு இல்லை. சென்னின் புள்ளிவிவரத்தில் சில ஆய்வாளர்கள் மாறுபட்டாலும், பசிக்கும் மொத்த விளைச்சலுக்கும் இடையில் வருமானமும் ஆட்சியும் நிற்கின்றன என்ற அவரது கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

இன்றைய நிலையையும் ஒரு கணக்கால் அறியலாம். உலகின் ஆண்டுத் தானிய விளைச்சல் ஏறத்தாழ 280 கோடி டன். இதை 800 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 350 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். காய்கறி, கிழங்கு, பருப்பு, மீன் இதில் சேரவில்லை. ஆயினும் 2023இல் 70 கோடிக்கும் மேற்பட்டோர் பசியால் வாடினர் என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டன. விளையும் தானியத்தில் பாதிக்கும் குறைவே நேரடியாக மனிதர் உண்பது. மூன்றில் ஒரு பங்கைக் கால்நடைகள் உண்கின்றன. எஞ்சியதில் ஒரு பகுதி எரிபொருளாகிறது. 2022இல் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு மட்டும் 100 கோடி டன்னுக்கு மேல்.

1968ஆம் ஆண்டின் எச்சரிக்கை

அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968இல் மக்கள்தொகையை வெடிகுண்டுக்கு ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறப்பர் என்றும் அதைத் தடுக்க இயலாது என்றும் அதில் எழுதினார். இந்தியா தன் மக்களுக்கு உணவளிக்க முடியாது என்ற கருத்து அன்று மேலைநாடுகளில் பரவலாக இருந்தது. அதற்கு அடிப்படையும் இருந்தது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இந்தியா இறக்குமதி செய்தது.

ஆனால் நடந்தது வேறு. அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன், மெக்சிகோவில் குட்டை ரகக் கோதுமையை உருவாக்கிய நார்மன் போர்லாக் ஆகியோரின் முயற்சியால் 1966இல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து வந்தது. 1964–65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970–71இல் ஏறத்தாழ 2.4 கோடி டன்னாயிற்று. நெல்லில் ஐஆர் 8 ரகமும், தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 ரகமும் பரவின.

1950–51இல் இந்தியாவின் உணவுதானிய விளைச்சல் ஏறத்தாழ 5 கோடி டன், மக்கள்தொகை 36 கோடி. 2022–23இல் விளைச்சல் ஏறத்தாழ 33 கோடி டன், மக்கள்தொகை 140 கோடிக்குச் சற்று மேல். மக்கள் நான்கு மடங்கானபோது தானியம் ஆறு மடங்குக்கு மேலாயிற்று. தலைக்கு 140 கிலோ இருந்த இடத்தில் இன்று 230 கிலோ உள்ளது. எர்லிக்கின் கணிப்பு பொய்த்தது.

கனிமங்கள் மீது ஒரு பந்தயம்

உணவைத் தொடர்ந்து கனிமங்கள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1972இல் ரோம் மன்றம் என்ற அமைப்புக்காக டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ் முதலியோர் எழுதிய வளர்ச்சியின் எல்லைகள் பற்றிய அறிக்கை, கணினி மாதிரியைக் கொண்டு இவ்வச்சத்தை விளக்கியது.

இதை மறுத்த பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1980இல் எர்லிக்கைப் பந்தயத்துக்கு அழைத்தார். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களை எர்லிக் தரப்பு தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றிலும் 200 டாலர் மதிப்புள்ள அளவு எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்து ஆண்டுகளில், பணவீக்கம் நீக்கிய விலை ஏறினால் சைமன் வேறுபாட்டைத் தரவேண்டும், இறங்கினால் எர்லிக் தரவேண்டும். அந்தப் பத்தாண்டில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது. ஆயினும் விலை இறங்கியது. 1990இல் எர்லிக் 576.07 டாலருக்கான காசோலையை அனுப்பினார்.

ஒரு பொருள் அரிதானால் அதன் விலை ஏறும். விலை ஏறினால் புதிய சுரங்கம் தோண்டப்படும், பழைய உலோகம் உருக்கப்படும், மாற்றுப் பொருள் தேடப்படும். தொலைபேசிச் செப்புக் கம்பிகளின் இடத்தைக் கண்ணாடி இழைகள் பிடித்தது இவ்வாறுதான். சைமனின் வாதம் இதுவே. எனினும் இப்பந்தயத்தை முழுத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. வேறு பத்தாண்டுகளை எடுத்திருந்தால் எர்லிக் வென்றிருக்கக் கூடும் என்று பிற்காலப் பொருளியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். மேலும் எல்லாப் பொருளுக்கும் மாற்று இல்லை. பயிருக்கு வேண்டிய பாஸ்பரசுக்கு ஈடாக வேறு தனிமம் கிடையாது. உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் இருக்கிறது.

எல்லை எங்கே மீறப்படுகிறது

இதுவரை கண்டவற்றால், வளம் தீரும் என்ற அச்சமே வீண் என்று தோன்றலாம். அது சரியன்று. விலைச்சீட்டு ஒட்டப்பட்ட பொருள்களில் எச்சரிக்கை மணி தானாக அடிக்கிறது. விலையில்லாத, யாருக்கும் தனிச்சொந்தமில்லாத பொருள்களில் மணி அடிப்பதில்லை. நிலத்தடி நீர், கடல் மீன், காற்றுவெளி ஆகியவை இவ்வகை. புவியின் எல்லை உண்மையில் மீறப்படுவது இங்குதான்.

நிலத்தடி நீருக்குப் பஞ்சாப் ஓர் எடுத்துக்காட்டு. பசுமைப் புரட்சியின் நெற்களஞ்சியமாக விளங்கும் அம்மாநிலத்தில் ஆண்டுதோறும் மழையாலும் கால்வாயாலும் நிலத்துக்குள் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வெளியே எடுக்கப்படுகிறது. வங்கியில் வட்டியோடு முதலையும் சேர்த்துச் செலவிடுவது போன்றது இது. நெல் பஞ்சாபின் பாரம்பரிய முதன்மை உணவன்று. அரசுக் கொள்முதல் விலை உறுதியாகக் கிடைப்பதாலும், 1997 முதல் பாசனத்துக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுவதாலும் அங்கு நெல் பரவியது. நீர் குறைவதைக் கண்டு, கடுங்கோடையில் நடவு செய்வதைத் தடுக்க 2009இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு முன் வைக்கோல் தாளை அகற்ற நாள் போதாமல் வயலில் எரிப்பது அதிகரித்தது. ஒரு வளத்தைக் காக்க எடுத்த முயற்சி இன்னொரு வளமான காற்றைப் பாதித்தது.

இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி பஞ்சாபில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.6. மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1ஐவிட இது மிகக் குறைவு. குழந்தைகள் குறைவாகப் பிறக்கும் மாநிலத்தில்தான் நீர்மட்டம் வேகமாக இறங்குகிறது. அங்கு விளையும் நெல்லின் பெரும்பகுதி பிற மாநில நியாயவிலைக் கடைகளுக்குச் செல்கிறது. உலக அரிசி ஏற்றுமதியில் இந்தியா முதலிடம் வகிக்கிறது. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும். ஆக, மூட்டையில் கப்பலேறுவது நீரும்தான்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்பகுதியும் இதையே காட்டுகிறது. உலகின் மிகப் பெரிய காட் மீன்வளங்களுள் ஒன்று அங்கு இருந்தது. 1960களில் பெரிய இழுவலைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்து வந்து அள்ளின. 1992இல் மீன்வளம் சரிந்து, அரசு காட் மீன்பிடிப்பையே தடை செய்தது. பல்லாயிரம் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் வேலை இழந்தனர். கனடா மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது காற்றுவெளி. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் தீர்ந்துவிடும் என்று முன்பு அஞ்சினோம். அவை தீரும் முன்பே அவற்றின் புகையை ஏற்கும் இடம் நிரம்பிவிட்டது.

தலைக்கு எவ்வளவு

எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரனும் 1970களின் தொடக்கத்தில் ஒரு சமன்பாட்டை உருவாக்கினர். சூழல் மீதான தாக்கம் மூன்று எண்களின் பெருக்கல் ஆகும்: மக்கள் எண்ணிக்கை, ஒருவர் நுகரும் அளவு, ஓர் அலகு நுகர்வுக்குத் தொழில்நுட்பம் விளைவிக்கும் சேதம். பெருக்கற்கணக்கு என்பதால் மூன்றில் எதைக் கூட்டினாலும் விடை கூடும். முதல் எண்ணை மட்டும் பேசுவது மூன்றில் ஒரு பகுதியைப் பேசுவதாகும்.

அமெரிக்காவில் ஒருவரால் ஓர் ஆண்டில் வெளியாகும் கரியமில வாயு சராசரியாக ஏறத்தாழ 14 டன். இந்தியாவில் 2 டன். உலகிலேயே குழந்தைப் பிறப்பு வீதம் மிக அதிகமான நாடுகளுள் ஒன்றான நைஜரில் ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஓர் அமெரிக்கரின் அளவை எட்ட நைஜரில் நூறு பேருக்கு மேல் வேண்டும்.

1990களில் வில்லியம் ரீஸ், மேத்திஸ் வாக்கர்நாகல் ஆகியோர் வகுத்த சூழலியல் அடிச்சுவடு என்னும் அளவீடும் இதையே சொல்கிறது. மனித இனம் இன்று ஆண்டுதோறும் பயன்படுத்துவதைப் புதுப்பிக்க ஏறத்தாழ 1.7 புவிகள் வேண்டும். எல்லோரும் அமெரிக்கரைப் போல வாழ்ந்தால் 5 புவிகள் வேண்டும். சராசரி இந்தியரைப் போல வாழ்ந்தால் ஒரு புவிக்குள் அடங்கும். இக்கணக்கில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கரிம வெளியீட்டுக்கு உரியது என்பதால், இது மண்ணரிப்பையும் நிலத்தடி நீரையும் சரியாகக் காட்டுவதில்லை என்ற குறையும் கூறப்படுகிறது.

இவற்றால் எண்ணிக்கையே பொருட்டில்லை என்றும் முடிவு செய்யக் கூடாது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் என்றும் இதே வறுமையில் இருக்கவேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அவர்களது நுகர்வு நியாயமாக உயரும்போது எண்ணிக்கையின் எடையும் கூடும். மற்ற உயிர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் கால்நடைகள் ஏறத்தாழ 60 விழுக்காடு, மனிதர் 36 விழுக்காடு, யானை முதல் திமிங்கிலம் வரையிலான காட்டுயிர்கள் எல்லாம் சேர்ந்து 4 விழுக்காடு மட்டுமே.

கட்டாயமும் கல்வியும்

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதிலும் வரலாறு பாடம் வைத்திருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77ஆம் ஓராண்டில் இந்தியாவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. கட்டாயத்துக்கு ஆளானவர்களில் ஏழைகளே மிகுதி. குடும்பநலத் திட்டத்தின் மீதே மக்கள் நம்பிக்கை இழந்தனர். ஆண்கள் கருத்தடை அதன்பின் இந்நாட்டில் மீண்டெழவே இல்லை. சீனாவில் 1980 முதல் 2015 வரை நடைமுறையில் இருந்த ஒரு குழந்தைக் கொள்கை ஆண் பெண் விகிதத்தைக் குலைத்தது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 1992–93இல் ஒரு பெண்ணுக்கு 2.5 என இருந்த சராசரி, 2019–21இல் 1.8 ஆகக் குறைந்தது. பெண் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். திருமண வயது உயர்ந்தது. சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமங்களை எட்டின. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு வந்தது. அந்த நம்பிக்கை வந்த வீட்டில் ஐந்தாவது, ஆறாவது குழந்தைக்குத் தேவை இருக்கவில்லை. வங்கதேசத்திலும் 1970களின் தொடக்கத்தில் 7ஐ ஒட்டியிருந்த சராசரி, வீடுவீடாகச் சென்ற பெண் நலப் பணியாளர்களின் உழைப்பால் 2ஐ ஒட்டிய நிலைக்கு வந்துள்ளது.

இந்திய அளவில் சராசரி இன்று 2.0. உலக அளவில் 1950இல் 5 ஆக இருந்தது, இன்று 2.3ஐ ஒட்டியுள்ளது. 2080களின் நடுவில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் மெல்லக் குறையும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2024இல் கணித்தது. தென்கொரியாவில் 2023இல் சராசரி 0.72 ஆகச் சரிந்தது. பிள்ளைகள் மிகுதி என்று கவலைப்பட்ட நாடுகள் முதியோரைப் பேண ஆள் போதாது என்று கவலைப்படும் காலம் வந்துவிட்டது.

முடிவு

மனித எண்ணிக்கை புவியின் வளங்களை மிஞ்சிவிட்டதா என்ற கேள்விக்கு வளத்துக்கு ஏற்ப விடை மாறுகிறது. மொத்த உணவைப் பொறுத்தவரை இல்லை. பசிக்குக் காரணம் பங்கீடும் வறுமையும். பெரும்பாலான கனிமங்களைப் பொறுத்தவரையும் இதுவரை இல்லை. நிலத்தடி நீர், மீன்வளம், காற்றுவெளி ஆகிய பொதுவளங்களைப் பொறுத்தவரை பல இடங்களில் ஆம். ஆனால் அங்கு எல்லையை மீறியதற்குப் பிறப்புகளைவிட, விலையின்றியும் வரம்பின்றியும் எடுக்க அனுமதித்த ஏற்பாடுகளே பெரிதும் காரணம்.

பொதுவளத்தைக் காக்க முடியாது என்பதும் இல்லை. ஊர்மக்கள் தாங்களே விதி வகுத்துக் காடு, மேய்ச்சல் நிலம், பாசன நீர் ஆகியவற்றை நூற்றாண்டுகளாகக் காத்த பல எடுத்துக்காட்டுகளை எலினோர் ஆஸ்ட்ரம் ஆராய்ந்து காட்டி, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஏரி மதகைத் திறக்க ஒருவர், முறைவைத்து நீர் பாய்ச்ச ஒழுங்கு, ஆண்டுதோறும் ஊர்கூடித் தூர்வாரும் குடிமராமத்து என்று நம் கிராமங்களில் இருந்ததும் இத்தகைய ஏற்பாடே.

மக்கள்தொகை வளர்ச்சி நிற்கப்போகிறது என்பது ஏறத்தாழ உறுதி. அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகள் உள்ளன. அதற்குள் எத்தனை ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றும், எவ்வளவு புகை சேரும் என்பவை பிறப்பு விகிதத்தால் மட்டும் முடிவாகப் போவதில்லை. இத்தலைப்பில் கட்டுரை எழுதும் மாணவர் "மக்கள் அதிகம்" என்று தொடங்குமுன் எந்த வளம், எந்த ஊரில், யார் எடுப்பதால் குறைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவது நல்லது. தம் ஊர்க் கிணற்றிலிருந்தே அதைத் தொடங்கலாம்.